அண்ணன் வரும்வரை

கிருபாசங்கர் ஐஸ் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குள் அப்பா பொங்கியண்ணன், நெற்றியில் காசோடு.

“என்னத்தடா நோண்டறே? நல்லா ஓடீட்டிருந்த பொட்டிய” என்றாள் அத்தை ராசாத்தாள்.

“ஓடலீங்க அத்தை. நின்னுபோச்சு.”

“நின்னுபோச்சா, நிறுத்திப்போட்டியா? மூத்தவன் வாரதுக்குள்ள எடுத்தா கொள்ளி உன்ற கைக்குத்தான வரும்.”

சுற்றியிருந்த பெண்கள் யாரும் மறுக்கவில்லை. அப்பனுக்கு மூத்தவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். மூத்தவன் மதன்குமார் சிட்னியிலிருந்து வந்துகொண்டிருந்தான். இளையவன் கிருபா அப்பாவின் ஃபவுண்டரியை விட்டுவிட்டு கணபதியில் எலக்ட்ரானிக் போர்டு சர்வீஸ் கடை போட்ட நாளிலிருந்து அப்பா அவனோடு பேசியதில்லை.

பெட்டிக்காரருக்குப் போன் போட்டான். “வேற பொட்டி சாயங்காலந்தானுங்க. அதுவரைக்கும் தாங்காதுன்னா வெரசலா எடுத்துருங்க.”

பெட்டியை ஓட்டும் போர்டில் லேப்டாப்பைச் சொருகினான். அதிலிருந்த லினக்ஸ் மென்பொருள் பாதி ஏறி, மெமரி சிப்பைப் படிக்க முடியவில்லை என்று பிழைகளைக் கொட்டி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. பிழை ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் வந்தது. சிப் கெட்டிருந்தால் ஒரே இடத்தில் வரும். பெருவிரலால் சிப்பை அழுத்தினான். முழுதாக ஏறியது. கம்ப்ரசர் உறுமியது. விரலை எடுத்தான், நின்றது. சிப்பைப் போர்டோடு பிடிக்கும் சால்டர் ஈயம் அடியில் விட்டிருக்கிறது. இந்த அன்னூர் வீட்டிலிருந்து கணபதிக் கடைக்குப் போய்ச் சூடுகாட்டி வருவதற்குள் உடல் தாங்காது. போர்டு இல்லாமல் இந்த மாதிரி கம்ப்ரசர் ஓடாது. விரலுக்குப் பதிலாகக் காகித அட்டையை மடித்துச் செருகினான். அதிர்வில் நழுவி விழுந்தது.

விரலையே வைத்துக்கொண்டு அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தான். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் வலது கை மட்டுமே நுழைந்தது.

“அப்பன் செத்துக் கெடக்கறான், இவன் ரிப்பேர் பாக்கறான். கடைக்கு ஆளே வாரதில்லையாட்ட இருக்குது” என்றாள் அத்தை. யாரோ சிரித்தார்கள்.

எழவுக்கு வந்த ஆண்கள் கை நீட்டினால் மகன் தொட்டு வாங்க வேண்டும். ரங்கராஜ் மாமா குனிந்து கை நீட்டினார். கிருபா இடது கையை நீட்டினான். அவர் தன் கையை இழுத்துக்கொண்டார்.

“எழவூட்டுல எடது கை குடுக்கறானுங்க. வளத்துன லட்சணம்.”

“கை எடுக்க முடியாதுங்க மாமா. எடுத்தா பொட்டி நின்னுரும்.”

“நடிக்காதடா.”

அதன்பின் யாரும் அவனிடம் கை நீட்டவில்லை. எல்லோருக்கும் வந்த காப்பி அவனுக்கு வரவில்லை. விரலை எடுத்தால் மத்தியானத்துக்குள் தூக்கிவிடுவார்கள். கொள்ளிச்சட்டி அவன் கையில். பெட்டி தானே நின்றது என்று சொன்னால் போதும்.

அழுத்திக்கொண்டே இருந்தான்.

வாசலில் கார் நின்றது. அழுகை ஓங்கியது. மதன்குமார் ஓடிவந்து கண்ணாடிமேல் விழுந்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தம்பியைப் பார்த்தான்.

“எந்திரிச்சு அக்கட்டால போடா. நான் அப்பா காலத் தொடோணும்.”

கிருபா விரலை எடுத்தான். கம்ப்ரசர் நின்றது அந்த அழுகையில் யாருக்கும் கேட்கவில்லை.

கொல்லைப்புறக் குழாயைத் திறந்தான். பெருவிரலில் சிப்பின் சதுரம் பள்ளமாகப் பதிந்திருந்தது. அதன்மேல் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.