முதலாளிக்கு 168தான் வேண்டும்

சைகோனில் பிளாஸ்டிக் வாளி மொத்த வியாபாரம் செய்யும் லாம் முதலாளி, மதியமானால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைலுவாங் இசைநாடகம் பார்த்து அழுவார். போன வாரம் கணினியில் எதையோ தவறாக அழுத்திவிட, கதாநாயகியின் ஒப்பாரி கணக்குப் பிரிவின் பெரிய டிவியில் போய் ஓடியது. கணக்குப் பிரிவை ஆள்வது அவர் மனைவி ஃபூங். பதறிப்போய் நிறுத்தினாலும், அதன்பிறகு மனுஷனால் தலைகாட்ட முடியவில்லை.

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ஹானைக் கூப்பிட்டார். அவள் வேலை நிரந்தரமாக அவர் கையெழுத்துதான் பாக்கி.

"எனக்கும் கணக்குப் பிரிவுக்கும் நடுவுல ஒரு தடுப்புப் போட்டுரு கண்ணு. என் கம்ப்யூட்டர் முகவரி 168ல முடியணும். ராசி நம்பர்."

"ஆகட்டும் சித்தப்பா."

முதலாளியைச் சித்தப்பா என்றும் அவர் மனைவியைச் சித்தி என்றும் கூப்பிடுவது அந்த ஊர் மரியாதை. எண்ணிப் பார்க்காமல் தலையாட்டினாள் பாவி.

அதுவரை அலுவலகக் கணினிகளெல்லாம் ஒரே கூடத்தில் கிடந்தன. ஒன்று கத்தினால் எல்லாவற்றுக்கும் கேட்கும். சப்நெட் மாஸ்க் என்ற எண்ணை மாற்றி, ஹான் அதை எட்டெட்டு முகவரி கொண்ட அறைகளாகத் தடுத்தாள். கணக்குப் பிரிவுக்கு 160 முதல் 167 வரை. அடுத்த அறை சரியாக 168ல் தொடங்கியது. அங்கேதான் தலையில் கை வைத்தாள். எந்த அறையிலும் முதல் எண் அந்த அறையின் பெயர், கடைசி எண் அறை முழுவதையும் கூப்பிடும் குரல். இரண்டிலும் யாரும் குடியிருக்க முடியாது.

"169 எடுத்துக்குங்களேன் சித்தப்பா."

"பக்கத்து வீட்டு அதிர்ஷ்டம் எனக்கு எதுக்கு?"

"அப்ப ரெண்டு அறையையும் ஒண்ணாக்கணும். பதினாறு எண்ணு வரும், 168 நடுவுல வந்துரும், குடியிருக்கலாம். ஆனா சித்தியும் உள்ளயே இருப்பாங்க."

"அவள வேற அறைக்கு மாத்து."

"சித்தி 166. கோயில்ல கேட்டு வாங்கின நம்பராம். நீங்களே சொல்லிப் பாருங்க."

மனைவியிடம் காரணம் சொல்ல லாமுக்குத் தைரியமில்லை. 168ஐ விடவும் மனசில்லை.

"சேத்துத் தொல. ஆனா அந்த டிவி இன்னொரு தடவ அழுதுச்சு, நீ வேற வேல பாத்துக்க."

மறுநாள் மதியமே டிவி அழுதது. அழுத்தியது அவர் விரல்தான், வேறு யார்? வேலை போனதென்றே முடிவு கட்டினாள் ஹான். பையை மாட்டிக்கொண்டு அழுகை வந்த பக்கம் ஓடினாள். கணக்குப் பிரிவு வாசலில் லாம் முகம் சிவந்து நின்றார்.

ஃபூங் திரும்பியே பார்க்கவில்லை. "வாசல்ல நிக்காதீங்க, உள்ள வந்து உக்காருங்க. போன வாரம் பாதியில நிறுத்திட்டீங்க. அந்தப் பொண்ணு என்ன ஆனாளோன்னு எனக்குத் தூக்கமே இல்ல."

லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் ஒரு டிஷ்யூவை நீட்டினாள், தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

"ஏம் பிள்ள, பையோட எங்க கெளம்பிட்ட?" என்றாள் ஃபூங்.

"எங்கயும் போகல, இரு," என்று மூக்கை உறிஞ்சினார் லாம். "பாட்டு முடியட்டும், கையெழுத்துப் போடறேன்."

பாட்டு லேசில் முடிகிற பாட்டு இல்லை. முடிவதற்குள் ஹானும் ஒரு டிஷ்யூ கேட்டு வாங்கியிருந்தாள்.