வீட்டுக்கு வந்த ஆறு

காபி டம்ளரை மேடையில் வைத்துவிட்டு ஜலஜா சட்டென்று கையைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். ஒரு நொடி தாமதமாகிவிட்டது. வாஞ்சிநாதன் பார்த்துவிட்டார்.

"கையைக் காட்டு."

"காபி ஆறிடும், குடியுங்கோ."

"ஜலஜா, கையைக் காட்டுன்னேன்."

காட்டினாள். உள்ளங்கை முழுக்க நொய் ஒட்டினாற்போலத் தடிப்புகள். போன மாதம் இருந்ததைவிட அதிகம்.

"நிலத்தடித் தண்ணியில ஆர்செனிக் விஷம் இருக்கு, நிறுத்துங்கோன்னு டாக்டர் எவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னார்? நான் தினம் ப்ளான்ட்லேருந்து கேன்ல தண்ணி தூக்கிண்டு வரேனே, அதை என்ன பண்றே?"

"பாத்ரூம் அலம்பறேன்."

வாஞ்சிநாதன் டம்ளரைத் தள்ளி வைத்தார். "கடையில கேன் வாங்கறேன்னாலும் வேண்டாங்கறே."

"அது எந்த ஆத்துத் தண்ணின்னு எனக்கென்ன தெரியும்?"

"சரி. திங்கட்கிழமை நம்ம பெஹாலா ஏரியா லைன்ல ஆத்துத் தண்ணி விடறோம். அன்னிக்கே நம்ம தெரு டியூப்வெல்லுக்கு சிமென்ட் போட்டு மூடறா. அப்புறம் என்ன பண்ணுவே?"

"திருநெல்வேலிக்கு எங்கண்ணா ஆத்துக்குப் போயிடுவேன்."

"அங்கே மட்டும் என்ன வருது? அதுவும் ஆத்துத் தண்ணிதான்."

"தாமிரபரணி என் பிள்ளையைத் தின்னலை."

அவர் எழுந்தார். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காபி ஆடை கட்டிக்கொண்டு அப்படியே இருந்தது.

மகன் அஸ்வத் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழில் சண்டை போட ஆரம்பித்து வங்காளியில் முடிப்பான். மூன்று வருஷத்துக்கு முன்பு, விஜயதசமி அன்று, தெரு கிளப் பையன்களோடு லாரியில் ஏறி, துர்கை சிலையை ஹூக்ளியில் கரைக்கப் போனான். சிலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியவர்களில் அவன் ஒருவன் மட்டும் திரும்பி ஏறவில்லை. கடல் ஏற்றம் திரும்பி ஆற்றில் இழுப்பு அதிகமாகிற நேரம் என்றார்கள். நதி போலீஸ் படகுகள் வலை போட்டுத் தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போது அவர்கள் அலிப்பூர் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். அங்கே குழாயில் வருவது ஹூக்ளித் தண்ணீர். அதுவரை ஜலஜா அதை யோசித்ததே இல்லை. சம்பவம் நடந்து மறு வாரம் சொம்பில் தண்ணீர் பிடித்தவள், அப்படியே கீழே போட்டுவிட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவளால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியவில்லை. பெஹாலாவில் வீடு பார்க்கப் போனபோது, மார்க்கெட் பக்கம், மெட்ரோ பக்கம் என்று புரோக்கர் அடுக்கிக்கொண்டே போனான். அவள் கேட்டது ஒரே கேள்வி. "தண்ணி எங்கேருந்து வருது?"

"மண்ணுக்கு அடியிலிருந்து, பௌதி," என்றான், அண்ணி என்பதை வங்காளியில். " டீப் டியூப்வெல்."

அன்றைக்கே முன்பணம் கொடுக்கச் சொன்னாள்.

காரியமும் பண்ணவில்லை. உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையால் உருவம் செய்து பண்ணலாம் என்று லேக் மார்க்கெட் சுந்தரேச வாத்தியார் பக்குவமாக எடுத்துச் சொன்னார். "புல்லைக் கொளுத்திட்டு என் பிள்ளைன்னு சொல்லச் சொல்றேளா?" என்று அவரை வாசலோடு அனுப்பிவிட்டாள்.

இதெல்லாம் தெரிந்தும் வாஞ்சிநாதன் அந்த ஆற்றங்கரையிலேயே வேலைக்குப் போனதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. ஆற்றுத் தண்ணீரை எடுத்து, மெம்பரேன் என்கிற சவ்வு வழியாக வடிகட்டி, ஊருக்கு அனுப்புகிற புது நிலையம். அது வந்துவிட்டால் தெற்குப் பக்கத்தில் நிலத்தடித் தண்ணீரை உறிஞ்ச வேண்டியதில்லையாம். "கம்பெனி போட்டுடுத்து, நான் என்ன பண்ண?" என்றார். கல் நெஞ்சுக்காரர் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பிலேயே வருஷங்கள் ஓடிவிட்டன.

பகலில் இரண்டு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஒவ்வொரு தெருவிலும் டியூப்வெல்லை மூடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இந்த ஒரு தெருவை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்டால் என்ன? மேலதிகாரிதானே, மனசு வைத்தால் முடியாதா? ஆட்டோ பிடித்தாள். மூன்று வருஷமாக எட்டிப் பார்க்காத ஆற்றங்கரைக்குப் போய் இறங்கினாள்.

வாஞ்சிநாதனின் மனைவி என்று வாசலில் சொன்னதும் ஓடி வந்தவள் வைஷாலி என்கிற சின்னப் பெண். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து ஆறேழு மாதம்தான் ஆகிறது.

"வாங்க ஆன்ட்டி! சார் ஆத்துக்குள்ள போற பாலத்துல இருக்காருங்க. வெயில்ல எதுக்கு நிக்கறீங்க, உள்ள வாங்க. ப்ளான்டைப் பாத்துட்டே போயிரலாம்."

ஜலஜா மறுப்பதற்குள் அந்தப் பெண் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பெரிய கூடம். ஆள் உயர வெள்ளைக் குழாய்கள் வரிசை வரிசையாக நின்றன. மேஜையில் ஒரு குழாயைக் குறுக்கே அறுத்து, பார்வையாளர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்தார்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று ஆயிரக்கணக்கில் இழைகள்.

"சேமியா மாதிரி இருக்குதுங்களா? ஒவ்வொண்ணும் உள்ள ஓட்டை. இந்த இழை வழியா தண்ணிதான் உள்ள போகும், சேறு, கிருமி எல்லாம் வெளியவே நின்னுரும். மெம்பரேனை ஒருதரம் நனைச்சுட்டா அப்புறம் காயவே விடக்கூடாதுங்க. காஞ்சா செத்துரும். பூஜா லீவுக்கு எல்லாரும் ஓடிட்டாங்க, சார் மட்டும்தான் கூடவே இருந்து தண்ணி ஓட்டிட்டு இருந்தாரு."

பண்டிகை நாளெல்லாம் அவர் வீட்டில் இல்லாதது ஜலஜாவுக்கு நினைவு வந்தது. எங்கேயாவது தொலையட்டும் என்று அப்போது விட்டிருந்தாள்.

"கம்பெனி வேலை, வேற வழி?" என்றாள் வறட்சியாக.

"கம்பெனியா? நல்லாச் சொன்னீங்க!" வைஷாலி சிரித்தாள். "ஹெட் ஆபீஸ்ல ப்ரொமோஷன் குடுத்தாங்களாம், வேண்டாம்னுட்டு இந்த சைட்டைக் கேட்டு வாங்கிட்டு வந்தாருன்னு எல்லாரும் சொல்றாங்க. இன்டேக் கிணத்துக்கு, அதான் தண்ணி உறிஞ்சற இடத்துக்கு, ஆத்தைத் தோண்டினப்போ மழையில நனைஞ்சுட்டு நின்னாராம். மெஷின் அள்ளற ஒவ்வொரு பக்கெட்டையும் தனியாக் கொட்டச் சொல்லிக் கிளறிப் பாப்பாராம். ஆபரேட்டர்ங்க எல்லாம் சாருக்குப் புதையல் பைத்தியம்னு கிண்டல் பண்ணுவாங்க. ஆன்ட்டி? என்னாச்சுங்க ஆன்ட்டி? உக்காருங்க, தண்ணி கொண்டாரட்டுமா?"

"வேண்டாம்மா. அந்தப் பாலம் எந்தப் பக்கம்?"

ஆற்றுக்குள் நீண்டிருந்த இரும்புப் பாலத்தின் முனையில் வாஞ்சிநாதன் குந்தியிருந்தார். அவர் முன்னால், தண்ணீர் எடுக்கிற வாயில் சிக்கிய குப்பையைக் கம்பிக்கூடையோடு தூக்கிக் கொட்டியிருந்தார்கள். பூஜை முடிந்த நேரம். கரைந்துபோன சிலைகளின் வைக்கோல், மூங்கில், ஜிகினா, சாமந்தி. அவர் ஒரு மூங்கில் குச்சியால் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஜலஜா அவருக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் கவனிக்கவில்லை.

வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு ஷூ வந்தது. ஒற்றை ஷூ. அதை எடுத்துத் திருப்பினார். அடியில் அப்பியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் தேய்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். நம்பரைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் ஓரமாக வைத்துவிட்டு மறுபடி குச்சியை எடுத்தார்.

"அவனுக்கு ஒம்பது," என்றாள் ஜலஜா.

வாஞ்சிநாதன் திரும்பினார். எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தெரியும்," என்றார். "இது ஏழு."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாலத்தின் அடியில் ஆறு, தேநீர் நிறத்தில், அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் மேல்பக்கம், அஸ்வத் இறங்கிய அந்தப் படித்துறை தெரிந்தது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஏன்னா, என்கிட்ட ஏன் சொல்லலை?"

"கிடைச்சா சொல்லலாம்னு இருந்தேன். வெறுங்கையோட வந்து என்னத்தைச் சொல்றது?"

"நான் உங்களை என்னவெல்லாம் நினைச்சுட்டேன்."

"நினைச்சா நினைச்சுக்கோ. நீயாவது யார் மேலயாவது கோபப்பட்டுண்டு இருந்தே. அதனாலதான் எழுந்து நடமாடினே."

ஜலஜா அந்த ஒற்றை ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இனிமே ஆத்துல தோண்ட வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கா?"

"இல்லை. வேலை முடிஞ்சுடுத்து. இனிமே பம்ப் ஓடறதுதான்."

"அப்போ இந்தக் கூடை?"

"கூடையில இலையும் வைக்கோலும்தான் வரும், ஜலஜா." அவர் குச்சி முனையால் வைக்கோலைத் தள்ளினார். "எனக்கே தெரியும். இருந்தாலும் தினம் ஒருதரம் பார்க்காம இருக்க முடியலை."

தெரு டியூப்வெல்லைப் பற்றிக் கேட்க வந்தவள் அதைக் கேட்கவே இல்லை. அவர் கையிலிருந்த குச்சியை மெதுவாக வாங்கி வைக்கோல் மேல் போட்டாள்.

"எழுந்திருங்கோ. கையெழுத்துப் போடணும்னா போட்டுடுங்கோ. ஆத்துக்குத் திரும்பிப் போற வழியில சுந்தரேச வாத்தியாரைப் பார்த்துட்டுப் போலாம். காரியத்துக்கு நாள் குறிச்சுத் தரச் சொல்லலாம்."

"நிஜமாவா சொல்றே?"

"எத்தனை நாள்தான் அவனைத் தண்ணிக்குள்ளயே நிக்க வச்சிண்டிருக்கறது?"

திங்கட்கிழமை காலை டியூப்வெல் பம்பைக் கழற்றினார்கள். ஆழத்துக்குச் சரளையும் சிமென்ட்டும் இறங்கின. புதுத் தண்ணீர் வருகிறது என்று கீழ்வீட்டு பௌதி வங்காளி வழக்கப்படி மங்கலச் சங்கு ஊதினாள். தெருவே வாசலில் வாளியும் குடமுமாக நின்றது. ஆர்செனிக் பயம் எல்லாருக்கும் இருந்தது. ஜலஜா மட்டும் சமையலறையில் குழாய்க்கு முன்னால் தனியாக நின்றாள். வாஞ்சிநாதன் கதவோரம் வந்து நின்றார். கிட்டே போகத் துணியவில்லை.

குழாய் இருமியது. காற்று வந்தது. பிறகு தண்ணீர் வந்தது.

தடித்துப்போன உள்ளங்கையை அதற்கடியில் நீட்டினாள்.  இந்தத் தடவை இழுத்துக்கொள்ளவில்லை. டம்ளரில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தாமல் முழுக்கக் குடித்தாள். குடித்துவிட்டு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

இன்னொரு டம்ளர் பிடித்து அவரிடம் நீட்டினாள்.

ப்ளான்ட் சோதனை ஓட்டம் ஆரம்பித்ததிலிருந்து அந்தத் தண்ணீரைத் தினமும் குடித்து வந்தவர் அவர். ப்ளான்டில் சோதனைக்காக ஒரு நாளைக்குப் பத்து தடவை வாயில் ஊற்றிப் பார்த்தவர். டம்ளரை வாங்கி ஒரு வாய் எடுத்துக்கொண்டார். அவனைத் தேடுவதை விட்ட பிறகு, அவள் கையால் வாங்கிய முதல் வாய் இது.

முழுங்க முடியவில்லை. கன்னம் உப்பி, கண் நிறைந்து, வாயில் தண்ணீரோடு அப்படியே நின்றார்.

ஜலஜா அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"முழுங்குங்கோன்னா," என்றாள். "மெதுவா முழுங்குங்கோ."

அவர் தலையை அசைத்தார். வெளியே சங்கு இன்னொரு தடவை முழங்கிற்று. அது ஓயும்வரையிலும் அவரால் முழுங்க முடியவில்லை.