பத்தொன்பதாவது கோப்பு

குடிவரவு அமைச்சர் மால்கம் ஹெரிக்குக்கு டோங்காவிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. எழுதியவள் லோசலீனே. விசா முடிந்த பிறகும் ஆக்லாந்தில் தங்கி, முதியோர் இல்லமொன்றில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். அவள் கருணை மனுவை, "தலையிட விரும்பவில்லை" என்ற ஒரே வரியில் தள்ளியவர் இவர்தான். போன மாதம் அவளையும் மகளையும் அவள் பிறந்த அந்தத் தீவு நாட்டுக்கே விமானம் ஏற்றிவிட்டார்கள்.

திரும்பி வர விடுங்கள் என்று அவள் கேட்கவில்லை. 'ஏன் அனுப்பினார்கள் என்று மகள் தினமும் கேட்கிறாள். காரணத்தை எழுதுங்கள், அப்படியே சொல்லிவிடுகிறேன்.'

"காரணம் சொல்லணும்னு சட்டத்துல இல்ல, மினிஸ்டர்," என்றாள் செயலாளர் பிலிப்பா. "சொன்னா அதையே தூக்கிக்கிட்டு கோர்ட்டுக்குப் போவாங்க."

"பழைய கோப்பைக் கொண்டு வாங்க."

அது ஒரு வெள்ளிக்கிழமைக் கோப்பு. அன்று மேசையில் பத்தொன்பது இருந்தன, இதுதான் கடைசி. அமைச்சர் தன் ஊருக்குப் போகும் விமானம் ஐந்தரைக்கு, கீழே கார் காத்திருந்தது. இல்லத்து முதியவர்கள் அமைச்சருக்கென்றே எழுதி ஒட்டிய தடித்த உறை உள்ளே இருந்தது. அதை யாரும் பிரிக்கவே இல்லை.

அவர் தன் கையாலேயே எழுதினார்: 'எனக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. உங்கள் கோப்பைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.'

பிலிப்பா அதை எட்டிப் படித்தாள். "இதை எப்படி அனுப்புறது? உங்க பதவியே போயிடும்!"

"அந்தப் பிள்ளைகிட்ட சொல்ல வேற காரணம் இருந்தா நீங்களே எழுதுங்க," என்று பேனாவை நீட்டினார்.

பிலிப்பா அதை வாங்கவில்லை.