புதுச்சேரி எங்கே என்று கேட்ட விளையாட்டு

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று ஒரு பேச்சு உண்டு. அந்த வாரம் நான் குடித்த பினாயிலுக்குக் கணக்கே இல்லை.

என் பெயர் கிரேஸ் மேரி. பாகூர் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் ரூமுக்கு அழைத்துப்போய், நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் புவியியல் கேம் விளையாட விடுவேன். அந்தப் பீரியட் மேல் கணக்கு வாத்தியாருக்கு ஒரு கண். தலைமையாசிரியர் புகழ்வேந்தன் சாரிடம் போய் ஓதிவிட்டார்.

சார் என்னைக் கூப்பிட்டார். "இந்த வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்குறேன் மேடம். புள்ளைங்க எதனா கத்துக்கிதுங்கன்னா பீரியட் உங்களுது. இல்லன்னா கணக்குக்குத்தான்."

எங்கள் பிள்ளைகள் கடலூரைத் தாண்டி உலகம் பார்ப்பது அந்த முக்கால் மணி நேரம்தான். எனக்கும் வாரத்திலேயே பிடித்த நேரம் அது. விட மனசில்லை.

நான்கு சாயங்காலம் வில்லியனூர் வீட்டில் உட்கார்ந்து கேம் பொறுக்கினேன். ஒரு கேம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ரம்மி விளம்பரம் போட்டது. ஒன்று என் போன் நம்பரைக் கேட்டது. கொடுத்தால் லோன் வேண்டுமா என்று ஆயுசுக்கும் கூப்பிடுவார்கள். இன்னொன்று முன்பின் தெரியாத தெருவில் இறக்கிவிட்டு, இது எந்த நாடு என்று கேட்டது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பள்ளி நெட்டில் ஒரு படம் திறப்பதற்குள் மணி அடித்துவிடும். கடைசியில் தேறியது ஓர் இந்திய மேப். ஒரு மாநிலத்தின் பெயரோ யூனியன் பிரதேசத்தின் பெயரோ வரும், அதை மேப்பில் தொட வேண்டும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. என் கணவர் அமல்தாஸை உட்காரவைத்துச் சோதித்தேன். மணிப்பூரையும் மிசோரமையும் மாற்றி மாற்றித் தொட்டுவிட்டு, மேப் சரியில்லை என்றார். அப்படியானால் நல்ல கேம்தான் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை சார் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் சுவேதாவை முன்னே கூப்பிட்டேன். வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான். சிக்கிம், திரிபுரா, லட்சத்தீவு என்று பதினெட்டுப் பச்சை வரிசையாக விழுந்தது. சார் தலையாட்டினார். நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். பத்தொன்பதாவதாகப் புதுச்சேரி வந்தது.

சுவேதா மௌஸைக் கேரளக் கரைக்குக் கொண்டுபோய்த் தொட்டாள். சிவப்பு.

"ஏய், நம்ம ஊருடி! இந்தப் பக்கம், கடலூருக்கு மேல!" என்று வகுப்பே கத்தியது. அவள் கேட்கவில்லை. மறுபடியும் அதே இடம், மறுபடியும் சிவப்பு.

"இன்னாடி இது, சொந்த ஊரே தெரிலயா?" என்று கத்திவிட்டேன்.

"தெரியும் மிஸ். பாண்டி, காரைக்கால், மாஹே, ஏனாம் நாலும் சேந்துதான் புதுச்சேரின்னு நீங்கதான சொன்னீங்க? எங்கம்மா மாஹேலதான் நர்ஸா இருக்காங்க. மாத்தல் ஆயி ஒன்ற வருஷம் ஆவுது. இந்த கேம்ல அந்த எடமே இல்ல."

விளம்பரம் பார்த்தேன், நெட் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை. பாடம் நடத்துகிற நானே, கேம்காரன் வைத்த ஒற்றைப் புள்ளியைப் புதுச்சேரி என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பீரியட் போயிற்று என்றும் நினைத்துக்கொண்டேன்.

சார் எழுந்து வந்தார். "கொஞ்சம் தள்ளு பாப்பா" என்று மௌஸை வாங்கி, ஆந்திரக் கரையில் ஏனாம் இருக்க வேண்டிய இடத்தில் அழுத்தினார். சிவப்பு. இன்னொரு தடவை பலமாக அழுத்தினார். அப்போதும் சிவப்புதான்.

"மூணு வருஷம் அங்க வேல பாத்தேன்யா. பாண்டிச்சேரி சம்பளந்தான் வாங்கினேன்" என்றார், கம்ப்யூட்டரைப் பார்த்து. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாரும் சிரித்தார்.

சுவேதா மட்டும் சிரிக்கவில்லை. "உங்க வூட்ல எல்லாரும் கூட வந்தாங்களா சார்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. என் பொண்ணு அப்ப ஒன்ன மாதிரி எட்டாவது. படிப்பு கெட்டுடும்னு இங்கியே வுட்டுட்டுப் போனேன்." மேப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவளும் இப்டி தேடியிருப்பாளா இன்னான்னு தெரிலயே. நான் கேட்டதே இல்ல."

மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

சார் என் பக்கம் திரும்பினார். "பீரியட் உங்களுதே மேடம். கேமையும் மாத்தாதீங்க. இதுல இன்னும் எதெல்லாம் வுட்டுப்போச்சுன்னு அடுத்த வாரம் புள்ளைங்க கண்டுபுடிக்கட்டும்."

எனக்கு வந்த சந்தோஷத்தில் நன்றி சொல்லக்கூட மறந்துவிட்டேன். அதற்குள் அவர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போயிருந்தார். ஜன்னல் வழியாகக் குரல் கேட்டது.

"அம்மாடி, அப்பா பேசறேன். ஒண்ணும் இல்ல, சும்மாதான் போட்டேன். ஒன்ன ஒண்ணு கேக்கணும், வேலையா இருக்கியா?"