எழுபத்தெட்டு கிராம் அடுப்பு

தோர்கெல் பல் தேய்க்கிற பிரஷின் காம்பைப் பாதியாக அறுத்துக்கொண்டு மலைக்கு வந்தவன். ஆறு கிராம் மிச்சமாம். முன்னால் ஒரு தொந்தி தள்ளிக்கொண்டு போகிறதே, அதை எந்தத் தராசில் போடுவான் என்று இல்வா நான்கு நாளாக மனதுக்குள் கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தாள்.

அவன் ஓஸ்டர்சுண்ட் நகரத்தில் ஏரியைப் பார்த்தாற்போல ஒரு வீடு வாங்கியிருந்தான். "வந்து என்னோடயே இருந்துடேன்" என்று கேட்டிருந்தான். மலையை விட்டு இறங்கும்போது சொல்கிறேன் என்றிருந்தாள். இன்று மாலை இறங்கிவிடுவார்கள்.

அவனுடைய அடுப்பு தனிக் கூத்து. டைட்டானியமாம், எழுபத்தெட்டு கிராமாம். பார்த்தால் காது குடைகிற சாமான் மாதிரி இருக்கும். புறப்படுவதற்கு முந்தைய வாரம் கேஸ் டப்பாக்களைச் சமையலறை மேஜையில் நிறுத்தி ஒவ்வொன்றாக எடை போட்டான். ஒரு தடவை காபிக்கு எட்டு கிராம் என்று தாளில் கணக்கெழுதினான். கடைசியில் புது டப்பா கனம் என்று சொல்லி, ஜூலையில் கடலோரம் போனபோது பாதி தீர்ந்த பழையதைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அது வெயில் காலத்துக்கென்று விற்கிற மலிவு கேஸ். செப்டம்பர் கடைசியில் மலைமேல் அது மக்கர் பண்ணும் என்பது இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இல்வாவுக்கும் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை.

நான்கு நாள் வானம் அவன் பக்கம் இருந்தது. ஐந்தாம் நாள் காலை கூடாரத் துணி தகடாக உறைந்து நின்றது. மைனஸ் ஏழு. தோர்கெல் கையுறையைக் கழற்றிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தான். நீலமாகத் துளி நெருப்பு எட்டிப்பார்த்துவிட்டு அணைந்தது. உடம்புச் சூடு ஏறட்டும் என்று டப்பாவைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நெளிந்தான்.

"என்ன, குஞ்சு பொரிச்சுதா?" என்றாள்.

"கொஞ்சம் சும்மா இரேன். பிரஷர் ஏறணும்."

"உனக்கா, டப்பாவுக்கா?"

அவன் சிரிக்கவில்லை. விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. மறுபடி பற்றவைத்தான், மறுபடி அணைந்தது. கடைசியில் காற்றுத் தடுப்புத் தகட்டை எடுத்து, சூடு திரும்பி வரட்டும் என்று டப்பாவையும் சேர்த்து இறுக்கச் சுற்றிக் கூடாரத்துக்குள்ளேயே வைத்து லைட்டரைத் தட்டப் போனான்.

"டேய் மடையா! டப்பா வெடிச்சா மூஞ்சி மிஞ்சாது. எடு கைய!"

தகட்டைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். பிறகு தன் பையின் அடியில் கைவிட்டு, துண்டில் சுற்றிய பித்தளை ஸ்பிரிட் அடுப்பையும் பாத்திரத்தையும் எடுத்தாள். கிட்டத்தட்ட ஒரு கிலோ. கரி பிடிக்காமலிருக்க ஸ்பிரிட்டில் கொஞ்சம் தண்ணீர்கூட வீட்டிலேயே கலந்து வைத்திருந்தாள். வெளியே தட்டைப் பாறையில் வைத்துத் தீக்குச்சி கிழித்தாள். கால்மணி நேரத்தில் காபி கொதித்தது. அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

"நாலு நாளா இதச் சுமந்துக்கிட்டா வந்த?" என்று கேட்டான்.

"பின்ன? யாராவது சுமக்கணும்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொன்னா உடனே கேட்டுக்கிட்டிருப்பியாக்கும். தராசத் தூக்கிட்டு வந்திருப்ப."

"சரி, அத விடு. இப்ப காலைல அரைமணி நேரம் வெறுங்கையோட கெடந்து அல்லாடினேன். பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

இல்வா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ரசித்துக்கொண்டும் இருந்தாள். நேற்றுப் படுக்கும்போதே குளிர் ஏறுவதைப் பார்த்து, காலையில் வேடிக்கை உண்டு என்று சந்தோஷமாகத்தான் கண்ணை மூடினாள்.

"குடி. கை சூடாகும்" என்று கோப்பையை நீட்டினாள்.

அவன் வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். குடிக்கவில்லை.

"வீட்டு விஷயத்த விட்டுடு, இல்வா. நான் கேட்டத மறந்துடு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் சரி என்று சொல்வதாகத்தான் ஊரிலிருந்தே முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். இனி அதைச் சொன்னால் அவன் நம்பப் போவதில்லை.