வணக்கம் சொல்லாதவள்

போலீஸ்காரர் ஜாதிக்காய்க் கிடங்கின் வாசலில் நின்று ஐஸ்மேயின் பெயரை முழுசாகக் கூப்பிட்டார். காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கொடுத்துவிட்டுப் போனது ஜூரி அழைப்பு, வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக உட்காரச் சொல்லி. திங்கட்கிழமை, தீவின் தலைநகரான செயின்ட் ஜார்ஜஸ் கோர்ட்டுக்கு வர வேண்டும்.

“யாரோட கேஸுடி?” என்றாள் பக்கத்து மேசை மெர்ல்.

“போடல.”

“இப்ப இருக்கிற கொலைக் கேஸு ஒண்ணே ஒண்ணுதான். உங்க மலை கென்ரிக் கேஸு.” மெர்ல் குரலைத் தாழ்த்தினாள். “பேசாம பைத்தியம்னு சொல்லிடு. உன்னைப் பார்த்தா நம்பிடுவாங்க.”

பெண்கள் சிரித்தார்கள். ஐஸ்மேக்குச் சிரிப்பு வரவில்லை. லா ரோஷ் மலையில் அவள் வீட்டுக்கு நாலு வீடு மேலேதான் கென்ரிக்கின் வீடு. எல்லைத் தகராறில் பக்கத்துத் தோட்டத்து ஹோரஸை வெட்டிக் கொன்றான் என்று வழக்கு. அவனுடைய அம்மா அதெலாவை மலையே டான்டி, அதாவது அத்தை, என்று கூப்பிடும். தம்பி லின்டன் பஸ் ஓட்டுகிறான். மலையிலிருந்து நகரத்துக்கு இறங்க அந்த ஒரு பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை.

கோர்ட்டில் நீதிபதி, “கைதியைத் தெரிஞ்சவங்க இருக்கீங்களா?” என்று கேட்டதும் பாதிப் பேர் கையைத் தூக்கினார்கள். ஐஸ்மே எல்லோருக்கும் முன்னால் தூக்கினாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “தெரிஞ்சவங்களை எல்லாம் அனுப்பிட்டா, நான் டிரினிடாட் தீவுலேருந்துதான் ஆள் இறக்கணும். சொந்தக்காரங்க மட்டும் எழுந்து போகலாம்.”

பிறகு ஒவ்வொருவராக எழுந்து கைதியின் முகத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டியிருந்தது. பிடிக்காத ஆளை வேண்டாம் என்று சொல்லக் கைதிக்கு உரிமை உண்டு. வேண்டாம்னு சொல்லு, வேண்டாம்னு சொல்லு என்று ஐஸ்மே மனதுக்குள் கெஞ்சினாள். அவளுக்கு முன்னால் நின்ற ஒரு வாத்தியாரைக் கென்ரிக் வேண்டாம் என்றான். இவளை வெகுநேரம் பார்த்தான். பிறகு சரி என்று தலையசைத்தான்.

“கேஸு முடியறவரைக்கும் கைதி வீட்டு ஆளுங்களோட ஒரு வார்த்தை பேசக்கூடாது” என்றார் நீதிபதி. “ஒரு வார்த்தைன்னா ஒரு வார்த்தைதான். பேசினா நீங்க உள்ள போவீங்க.”

அன்று மாலை அவள் பஸ் ஏறவில்லை. மலை முழுக்க நடந்தே ஏறினாள். அது ஒரு நாளைக்குத்தான் முடிந்தது. மறுநாள் காலை கால் இரண்டும் வீங்கிப்போய், பஸ்ஸுக்காகத் திருப்பத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

அந்த ஊரில் பஸ் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் ‘குட்மார்னிங்’ சொல்ல வேண்டும். உள்ளே இருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வார்கள். பேசாத பிள்ளையைக்கூட அம்மாக்கள் கிள்ளிச் சொல்ல வைப்பார்கள். சண்டைக்காரர்களும் சொல்லிக்கொள்வார்கள். ஐஸ்மே கதவைத் திறந்தாள். முன் இருக்கையில் டான்டி அதெலா, கோர்ட்டுக்குப் போடும் வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். லின்டன் கண்ணாடியில் பார்த்தான். ஐஸ்மேயின் வாய் திறந்து அப்படியே மூடிக்கொண்டது. அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

பஸ் கிளம்பவில்லை. லின்டன் பாட்டை நிறுத்தினான்.

“ஏறினது ஆளா, மூட்டையா?” என்று யாரோ கேட்டார்கள்.

டான்டி அதெலா திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தே பேசினாள். “விடுப்பா லின்டன். வண்டிய எடு. சாட்சி பேசறதுக்கு முன்னாடியே உன் அண்ணன் கதைய முடிச்சிட்டாங்க. பாரு, நம்ம மூஞ்சியப் பார்த்து ஒரு குட்மார்னிங் வரல.”

கடலை ஒட்டிய திருப்பங்களில் லின்டன் அன்று வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஐஸ்மே முன் இருக்கைக் கம்பியை விரல் வெளுக்கப் பிடித்திருந்தாள். இறங்கும்போது காசை நீட்டினாள். அவன் கையை நீட்டவில்லை. “உன் காசு எனக்கு வேணாம்” என்றான். அவள் காசை இருக்கையில் வைத்துவிட்டு ஓடினாள்.

அதற்குப் பிறகு மலையில் அவளுக்கு யாரும் வணக்கம் சொல்லவில்லை. கடையில் ரொட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்துப் பெட்டியை நகர்த்தி வைத்தாள். உப்புமீனை அடுப்பில் வைத்துவிட்டு, மேலிருந்து யாராவது இறங்கி வருகிறார்களா என்று ஜன்னலிலேயே நின்று அதைக் கருக விட்டாள்.

அரசுத் தரப்பில் முக்கியமான சாட்சி, ஆட்டுக்குப் புல் அறுக்கும் கிழவர் ஓஸ்வின். ஹோரஸின் தோட்டத்திலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையில் அன்று சாயங்காலம் கென்ரிக்கைப் பார்த்ததாகச் சொன்னார்.

“கையில அரிவாள் பார்த்தீங்களா?” என்று கேட்டார் வக்கீல்.

“இல்லீங்க.”

“ரத்தம்?”

“கவனிக்கல. ஆனா நான் குட்ஈவ்னிங் சொன்னேன், அவன் பதில் சொல்லல. சின்னப் பையனா இருந்தப்பலேருந்து ஒருநாளும் அப்படிப் போனதில்ல. தலையக் குனிஞ்சிட்டுப் போயிட்டான். அப்பவே தெரிஞ்சுது, ஏதோ பண்ணிட்டு வரான்னு.”

கோர்ட்டே தலையாட்டியது. கென்ரிக் தன் முறை வந்தபோது, ஹோரஸ் வெட்டுப்பட்டுக் கிடந்ததைப் பார்த்துப் பயந்து இறங்கி வந்தேன் என்று மட்டும் சொன்னான். அவனை யாரும் நம்பியது போலத் தெரியவில்லை.

ஜூரி அறையில் கதவைச் சாத்தியதும், தலைவராக இருந்த பியெர் என்கிற பேங்க்காரர் கை தூக்கச் சொன்னார். குற்றவாளி என்று பதினோரு கைகள் எழுந்தன. ஐஸ்மேயின் கை மடியிலேயே கிடந்தது.

“நீங்க அந்த மலைதானே?” என்றார் பியெர். “பயமா?”

“பயம்தான்.”

“பின்னே? பயத்தை வெச்சு ஒருத்தனை விட முடியுமாம்மா?”

“அவங்க பஸ்ஸுல போகணுமில்ல, பாவம்” என்றாள் ஒருத்தி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

பதினோரு முகங்கள் தன்னையே பார்க்க அவள் வாழ்க்கையில் பேசியதே இல்லை. தனக்குள் இருப்பது லின்டன் மேலுள்ள பயம் மட்டும்தானா என்று தோண்டிப் பார்த்தாள். அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது.

“அன்னிக்கு பஸ்ஸுல நான் குட்மார்னிங் சொல்லல” என்றாள். “இருபது வருஷமா சொல்றேன். அன்னிக்கு மட்டும் வரல. டான்டி அதெலா, நான் அவங்க பையன் கதைய முடிச்சிட்டேன்னு நினைச்சாங்க. நான் ஒண்ணும் முடிக்கல. பயந்தேன், அவ்வளவுதான். வாய் வரல. ஓஸ்வின் தாத்தா சொன்னதுல, வாய் வரலங்கிறதைத் தவிர வேற என்ன இருக்கு?”

ஒருவர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

“அரிவாளும் கிடைக்கல” என்றாள் சிரித்தவர்களில் ஒருத்தி, மெதுவாக.

பியெர் நெடுநேரம் வாதாடினார். மத்தியானச் சாப்பாடு வந்து ஆறிப்போனது. கடைசியில், “சந்தேகம் இருந்தா விடணும்னு நீதிபதி சொன்னாரே” என்று அவரும் பேனாவை மூடினார்.

குற்றவாளி இல்லை என்று அவர் எழுந்து படித்தபோது டான்டி அதெலாவின் அழுகை கோர்ட்டுக்கு வெளியே வரை கேட்டது.

வழக்கு முடிந்துவிட்டது. இனி யாரோடும் பேசலாம். லின்டனின் பஸ் நின்ற இடத்துக்கு ஐஸ்மே நடந்தாள். கதவைத் திறந்து, பல நாளாகச் சொல்லாமல் விட்டதைச் சொன்னாள்.

“எல்லாருக்கும் குட்ஈவ்னிங்.”

“குட்ஈவ்னிங்” என்று பஸ் முழுக்கப் பதில் வந்தது. லின்டனே தொப்பியைத் தூக்கினான். டான்டி அதெலா முன் இருக்கையிலிருந்து கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “மனசுல வெச்சுக்காதேம்மா. ஏறு, உள்ள ஏறு.”

காலியாக இருந்தது ஒரே ஒரு இடம். அதன் பக்கத்தில் ஜன்னலோரமாகக் கென்ரிக் உட்கார்ந்திருந்தான்.

“குட்ஈவ்னிங், கென்ரிக்” என்றாள் ஐஸ்மே.

அவன் தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதில் வரவில்லை.

“டேய், ஐஸ்மே சொல்றாடா” என்றாள் அம்மா.

அவன் நிமிரவில்லை. பின்னாலிருந்த பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. வாய் வராததற்குப் பயம்தான் காரணம் என்று ஐஸ்மேதான் பதினோரு பேரிடம் சொன்னாள். இன்று அவன் யாருக்குப் பயப்பட வேண்டும்?

லின்டன் கதவைச் சாத்தினான். நிற்க இடமில்லாமல், ஐஸ்மே கென்ரிக் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் மலையேறத் தொடங்கியது.