மௌத்து வீட்டு மீனாணம்

கபுறடி மண்ணைக் கையிலிருந்து கழுவிக்கொண்டு ஸக்கரியா முற்றத்துக்கு வந்தபோது, அடக்கத்துக்கு வந்திருந்த சுகாதார இன்ஸ்பெக்டர் நடராஜா குனிந்து மீனாணத்து அண்டாவில் குழம்பை மோந்துகொண்டிருந்தார். வாப்பாவை அடக்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சகன் என்ற பெரிய தட்டு ஒன்றுக்கு ஆறு பேராக, அறுபது பேர் பசியோடு பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இதப் பரிமாறாதீங்க தம்பி. உள்ளே ஈயமெல்லாம் தேஞ்சு போச்சு. விடியக்காலைலருந்து புளி பித்தளையில நிக்குது. ஓரத்தப் பாருங்க, பச்சை ஏறியிருக்கு."

சாவு விழுந்த மௌத்து வீட்டில் அடுப்பு எரியாது. உறவுக்காரர்தான் சமைத்துக் கொண்டுவர வேண்டும். இந்த அண்டாவைச் சுமந்து வந்தது உம்மாவின் தம்பி ஸஹாப்தீன் மாமா. விடியுமுன் எழும்பிச் சமைத்தது மாமி ஜுனைதா. மாமாவுக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்துவிட்டது.

"மௌத்தூட்டுச் சோத்துக்குள்ளயும் கவர்மென்டா? இதென்ன கடையா? நாங்க விக்கிறமா?"

"இல்லீங்க. இங்க எனக்கு அதிகாரமே இல்ல. சொல்லத்தான் முடியும். மிச்சம் தம்பி பாடு."

மிச்சம் தம்பி பாடாம்! ஸக்கரியா மாமாவையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தான். உம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் என்று இருப்பது இந்த மாமா ஒருவர்தான். அவர் இன்று முகம் கறுத்துப் போனால், கணவனை இழந்து, திரைக்குப் பின்னால் இத்தா இருக்கும் உம்மாவுக்கு யார் துணை? பரிமாறினாலோ, பாயில் இருக்கும் பிள்ளைகளின் வயிறு என்ன ஆகும்?

வாப்பா அப்துல் ஸமத் இரத்தோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக்கடை நடத்தியவர். பதினோரு வருஷமாக இந்த நடராஜாவோடுதான் அவருக்குச் சண்டை. "வெள்ளக்காரன் போய்ட்டான்னு சந்தோசப்பட்டேன். சட்டிமூடியத் தொறந்து பாக்குற புத்திய இந்த மனுஷன்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்கானே!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார். நடராஜாவும் லேசில் விடமாட்டார். ஆனால் இன்ஸ்பெக்டரின் சைக்கிள் வளைவில் மறைந்ததும், வாப்பா அவர் சொன்னதை ஒன்று விடாமல் செய்வார். தன் கடையில் சாப்பிட்டு யாரும் பாயில் விழுந்ததில்லை என்பதில் அந்த மனுஷனுக்கு அத்தனை பெருமை.

ஸக்கரியா தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஏன் ஐயா, உங்களுக்கு வேற நேரமே கெடைக்கலையா?" குரல் தானாகவே உயர்ந்தது. "ஊரெல்லாம் உங்க மூக்குக்குப் பயந்துதான் சமைக்கணுமா?"

பாயில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடராஜாவும் ஒரு கணம் திகைத்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"பயப்படத்தான் வேணும்! அண்டாவுக்கு ஈயம் பூசத் துப்பில்லாட்டி அப்பிடித்தான் மோந்து பாப்பேன்!" என்று அவரும் பதிலுக்குக் கத்தினார்.

திரைக்குப் பின்னால் உம்மா சிரித்துவிட்டாள். அழுது அழுது கட்டிப்போயிருந்த குரல். "அவன்ட வாப்பாட தொண்டையேதான்."

ஸக்கரியா அண்டாவின் ஒரு காதைப் பிடித்தான். "மாமா, மத்தப் பக்கம் புடிங்க. மாமிட கைப்பக்குவத்துல ஒரு கொறையுமில்ல. அண்டாதான் கெழடாப் போச்சு."

மாமா அசையாமல் நின்றார். அக்காவின் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே குனிந்து மற்றக் காதைப் பிடித்தார். இரண்டு பேருமாகப் பின்பக்கம் கொண்டுபோய், பலாமரத்தடியில் குழி வெட்டி, ஆணத்தைக் கொட்டி மண்ணைத் தள்ளினார்கள். ஸக்கரியாவுக்கு மனசு லேசாக இருந்தது.

மாமா அப்படியே தன் வீட்டுக்கு நடந்தார். வருவாரா மாட்டாரா என்று ஸக்கரியா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். முக்கால் மணி நேரத்தில் அவர் வந்தார். பெரிய மண்சட்டி நிறையப் பருப்பாணம், ஆவி பறந்தது. நேரே நடராஜாவின் முன்னால் கொண்டுபோய் நீட்டினார்.

"இந்தாங்க, இதையும் மோந்து பாருங்க."

நடராஜா மோந்து பார்க்கவில்லை. மாமாவுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, சகனில் தன் பக்கத்துச் சோற்றைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, "ஊத்துங்க" என்றார்.